நாகர்கோவிலை நடந்தே காட்டுவது எப்படி? வடசேரியிலிருந்து கோட்டாறு வரை

நாஞ்சில்நடை

அடுத்த மாதம் கல்லூரி நண்பர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார்கள். சென்னை, மதுரை, ஓசூர் என்று மூலைக்கு ஒருவர். பிள்ளைகளையும் சேர்த்தால் பதினைந்து பேர் தேறும். கன்னியாகுமரியை எல்லாரும் பார்த்தாயிற்று. சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இப்போது வந்த கண்ணாடிப் பாலம் வரைக்கும் செல்பி எடுத்து முடித்தவர்கள். "உன் ஊரைக் காட்டுடா" என்கிறார்கள்.

ஒரு காலைப்பொழுது நாகர்கோவிலுக்குள் நடந்தே சுற்றலாம் என்று நினைக்கிறேன். ஒன்பதரைக்கு மணிமேடை (எங்கள் ஊர் மணிக்கூண்டு), அங்கிருந்து நாகராஜா கோயில், அப்புறம் வடசேரி, கடைசியில் கோட்டாறு. மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடலாம். சரியாக வருமா? எதை விட்டுவிட்டேன்?

குளச்சல்காற்று

நாகர்கோவிலில் நடந்து பார்க்க என்ன இருக்கிறது அண்ணே? துணிக்கடை, நகைக்கடை, ஹாரன். பேசாமல் ஒரு வேனைப் பிடித்துப் பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு என்று ஓட்டிவிடுங்கள். பிள்ளைகள் அருவியில் குளித்த மாதிரியும் ஆயிற்று.

மலையோரம்

வேனில் ஓட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன். போன வருடம் சொந்தக்காரர்களோடு ஒரு பேக்கேஜ் சுற்றுலாவில் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரே நாளில் ஆறு இடம். அரண்மனையில் அரை மணி நேரம், உப்பிரிகை மாளிகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் விசில் ஊதிவிட்டார் வழிகாட்டி. ஆனால் வழியில் ஒரு சிப்ஸ் கடையில் வண்டி முக்கால் மணி நேரம் நின்றது. அதே ஏத்தங்காய் சிப்ஸ் நாலு தெரு தள்ளிக் கண்ணெதிரே தேங்காய் எண்ணெயில் பொரித்துக் கொடுக்கிறார்கள், விலையும் குறைவு. கமிஷன் யாருக்குப் போயிற்று என்று கேட்கவா வேண்டும்? நடந்து போனால் எந்தக் கடையில் நிற்பது என்று நாமே முடிவு செய்யலாம். எனக்கு அது ஒன்றே போதும்.

ஓய்வு வாத்தியார்

குளச்சல் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒன்பதரைக்கு மணிமேடையில் நின்றால் ஹாரன் மட்டும்தான் கேட்கும். ஊரைக் குறை சொல்லி என்ன செய்ய, நீங்கள் போட்ட நேரம் அப்படி.

ஒன்றைக் கவனியுங்கள். நாகர்கோவில் ஒரே ஊராக இருந்து பெருத்த பட்டணம் இல்லை. கோட்டாறு வியாபாரிகளின் ஊர். வடசேரி என்றால் தறி, நகைப் பட்டறை, சந்தை. வடிவீஸ்வரம் கோயிலும் அக்ரகாரமும். ஒழுகினசேரி பழையாற்றங்கரை, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த இடம், சோழர் கட்டிய கோயிலும் அங்கே இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் நாகராஜா கோயில். வயலும் தோப்பும் கட்டடம் ஆன பிறகு எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பெயரில் நிற்கின்றன. மூத்தது கோட்டாறுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய நிலவியலிலேயே அந்த ஊர் வருகிறது. சோழர் வந்தபோது மும்முடிச்சோழநல்லூர் ஆயிற்று. நீங்கள் தொடங்கப்போகிற மணிமேடையோ 1893இல் திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில் எழுந்தது. கடிகாரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. இந்த ஊர்க் கணக்கில் அது நேற்றைய சரக்கு.

வடக்கே வடசேரியில் தொடங்கித் தெற்கே கோட்டாறில் முடியுங்கள். நடுவில் இருப்பதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். மணிமேடையில் தொடங்கினால் வடக்கே போய், வந்த வழியே திரும்ப வேண்டும். பாதிப் பேர் ஆட்டோ பிடித்துவிடுவார்கள்.

வடசேரிப்பட்டறை

வாத்தியார் ஐயா சொன்ன வழிதான் சரி. விடியற்காலை கனகமூலம் சந்தைக்கு வந்துவிடுங்கள். காய்கறியை விடுங்கள், வெளியூர்க்காரர்களுக்கு வாழைக்குலைப் பக்கம்தான் காட்ட வேண்டும். மட்டி, செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான், ஏத்தன், பேயன் என்று குலை குலையாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். சென்னையில் 'வாழைப்பழம்' என்று ஒரே பெயரில் வாங்குகிறவர்கள் அங்கே கொஞ்ச நேரம் திணறுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும்.

சந்தையிலிருந்து பக்கம்தான் நகைப் பட்டறைகள். எங்கள் குடும்பத் தொழிலும் அதுதான். கோயில் நகை, பரதநாட்டிய நகை. புவிசார் குறியீடு கிடைத்த வேலை. வருகிறவர்கள் கடைக் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. பலகை முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்புக்கல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கத் தகட்டை ஊசிமுனைக் கருவியால் அழுத்திக்கொண்டே வருவோம். தகடு மூச்சுக்காற்றில் பறக்கிற மெலிசு. அதனால்தான் மின்விசிறி போடுவதில்லை. ஒரு நெற்றிச்சுட்டியில் எத்தனை கல் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு 'ஏன் இவ்வளவு விலை' என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரே வேண்டுகோள், பதினைந்து பேரும் ஒரே சமயம் பட்டறைக்குள் நுழைய முடியாது. ஐந்து ஐந்து பேராக வாருங்கள். முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

தக்கலைக்காரி

எல்லாரும் நாகர்கோவிலையே பேசுகிறீர்கள். நடந்து பார்க்கிற மாதிரி பழைய ஊர் என்றால் தக்கலைப் பக்கம்தான். பத்மநாபபுரம் கோட்டை மதிலுக்குள் அரண்மனை மட்டும் இல்லை, தெருக்களும் கோயில்களும் வீடுகளுமாக ஒரு ஊரே இருக்கிறது. யாராவது அந்தத் தெருக்களில் நடக்கிறார்களா? டிக்கெட் எடுப்பது, கறுப்பாகப் பளபளக்கிற தரையைத் தொட்டுப் பார்ப்பது, திரும்புவது. 1795இல் திருவிதாங்கூரின் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு அங்கே மிச்சம் இருக்கிற ஊரைப் பார்ப்பதே இல்லை. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்கா இருக்கிறது. அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஆண்டு விழாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார்கள், அத்தனையும் தமிழ். கொஞ்சம் தள்ளிப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட அவர்கள் படை அதிகாரி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்து, கோட்டைக்குள்ளேயே அடங்கியிருக்கிறார். இதையெல்லாம் விட்டுவிட்டு வாழைக்குலை காட்டப் போகிறீர்களாக்கும்.

நாஞ்சில்நடை

தக்கலை அக்கா, விட மனம் இல்லை, ஆனால் இரண்டையும் ஒரே காலையில் திணித்தால் மலையோரம் சொன்ன விசில் கதைதான். தக்கலைக்குத் தனியாக ஒரு நாள் வைக்கிறேன். திங்கள்கிழமை அரண்மனை கிடையாது என்பதால் செவ்வாய்.

தக்கலைக்காரி

கொள்ளாம். செவ்வாய் என்றால் நானே வருகிறேன், தெரு காட்ட.

கோட்டாறுமளிகை

நாலு தலைமுறையாகக் கோட்டாறு கம்போளத்தில், அதாவது கடைவீதியில், கடை வைத்திருக்கிற வீட்டுக்காரன் என்கிற உரிமையில் சொல்கிறேன். இப்போதெல்லாம் கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் காலையில் லாரியிலிருந்து மூட்டை இறங்குகிற நேரத்தில் சந்தின் நடுவில் நின்று மேலே இருக்கிற பழைய ஓட்டுக்கூரையைப் படம் எடுத்தால் எப்படி? முதுகில் மூட்டையோடு வருகிற லோடுமேன் நிற்க முடியாது, நீங்கள்தான் நகர வேண்டும். அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுப்பதும் வேண்டாம். கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

வாத்தியார் சொன்ன வழியில் வந்தால் எங்கள் பக்கம் வந்து சேரப் பத்து, பத்தரை ஆகிவிடும். அது நல்ல நேரம். லோடு முடிந்திருக்கும், சில்லறை வியாபாரம் சூடு பிடித்திருக்காது, கடைக்காரர் பேசுவார். கிராம்பு எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேளுங்கள். எங்கள் மாவட்டத்து மலைக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, தெரியும்தானே? மொட்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் யாரோ எண்ணெய் எடுத்துவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள். நல்லமிளகு, கருப்பட்டி, புளி என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு சோதனை இருக்கிறது.

ஓய்வு வாத்தியார்

கோட்டாறு வரை வந்துவிட்டுச் சவேரியார் கோயிலைப் பார்க்காமல் போகக்கூடாது. பிரான்சிஸ் சவேரியார் 1540களில் இந்தக் கரையோரத்தில் நடந்தவர். இன்றைக்கும் டிசம்பர் 3 எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் திருவிழாக் கடை தெரியும். தேவசகாயம் பிள்ளையின் கல்லறையும் உள்ளேதான். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் பெற்றார். அவருக்குக் கிறிஸ்தவத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? தக்கலை அம்மா சொன்ன அதே டிலனாய்தான். அதே கோட்டாறில் ஞானியார் அப்பா தர்காவும் இருக்கிறது.

பழையாறு

இதுவரை வந்ததெல்லாம் ராஜா, கோயில், சந்தை. ஒன்று விட்டுப்போகிறது. இந்தத் தெருக்களில் யாரெல்லாம் நடக்கலாம் என்பதே ஒரு காலத்தில் சண்டை. 1926இல் சுசீந்திரத்தில் நடந்த சத்தியாகிரகம் எதற்கு? கோயிலுக்குள் போவதற்குக்கூட இல்லை, கோயிலைச் சுற்றி இருக்கிற தெருக்களில் நடப்பதற்கு. கோயில் கதவு திறந்தது 1936 நவம்பர் 12இல் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்குப் பிறகு. அதற்கும் முன்னால், எங்கள் பாட்டிமார்களின் பாட்டிமார் மார்பை மறைக்க மேல்சீலை போடுவதற்கே அடிபட்டார்கள். 1859இல்தான் அரச உத்தரவு கொஞ்சம் இறங்கி வந்தது.

நடைப்பயணம் என்று பெயர் வைத்துவிட்டு இதைச் சொல்லாமல் அக்ரகாரத்துத் திண்ணை அழகை மட்டும் காட்டினால் எனக்குச் சரியாகப் படவில்லை. வடிவீஸ்வரத்தில் அழகம்மன் கோயில் தெருவில் நிற்கும்போது இதைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் புரியும்.

குளச்சல்காற்று

சுற்றுலா வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்களா?

பழையாறு

சுளித்தால் சுளிக்கட்டும். ஊரைக் காட்டு என்று கேட்டதே அவர்கள்தானே.

நாஞ்சில்நடை

பழையாறு சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். மணிமேடையை அடுத்து ஹோம் சர்ச் போகலாம் என்று இருந்தேன். மீட் பாதிரியார் காலத்தில், 1819இல் எழுந்த கோயில். பள்ளி, அச்சுக்கூடம், மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னல் என்று 1820களில் அந்த வட்டாரத்தில் நடந்ததும் மேல்சீலைக் கதையோடு சேர்ந்ததுதான். லேஸ் விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. வளாகத்தில் மர நிழல் இருக்கிறது, உட்கார்ந்து பேசலாம். வடிவீஸ்வரத்தில் மிச்சத்தைச் சொல்கிறேன்.

கணக்குஅக்கா

வரலாறு எல்லாம் சரி. பதினைந்து பேரில் வயதானவர்கள் எத்தனை? கழிப்பறை எங்கே? ஆண்கள் இந்தத் திட்டம் போடும்போது இது மட்டும் எப்போதும் விட்டுப்போகும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்கு நிற்கிற ஓட்டலில் ஒன்று, மீனாட்சிபுரம் தாண்டுவதற்குள் இன்னொன்று என்று முதலில் அதை வைத்து வழி போடுங்கள். ஓட்டல் காலைக்கு இடம் தருமா என்று முந்தின நாளே கேட்டுவையுங்கள். வெயில் பத்து மணிக்கு மேல் சுடும், ஆளுக்கொரு தொப்பி. கோயிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் ஷூ லேஸ் கட்டுகிறவர்கள் எல்லாரையும் காக்க வைப்பார்கள். சாதாரணச் செருப்பு போதும்.

சமணத்தேடல்

நாகராஜா கோயிலில் என்ன காட்டப் போகிறீர்கள்? மண் பிரசாதம் வாங்கிவிட்டு வருவதோடு சரியா?

ஓய்வு வாத்தியார்

நல்ல கேள்வி. அங்கே நின்று பார்க்க வேண்டியது கருவறைக் கூரை. இத்தனை பெரிய கோயிலில் மூலவருக்கு மட்டும் ஓலைக்கூரை. கீழே தரை கிடையாது, ஈர மணல். ஊற்று கசிகிற அந்த மண்தான் பிரசாதம். அப்புறம் மண்டபத் தூண்களைப் பாருங்கள். மகாவீரர், பார்சுவநாதர், பத்மாவதி. பார்சுவநாதர் தலைக்கு மேல் நாகம். 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்று சமணப் பெரியவர்களின் பெயரும் அவர்களுக்கு விட்ட நிலமும் வருகின்றன. இன்றைக்கு அதே வளாகத்தில் அனந்தகிருஷ்ணனுக்குத் தனிச் சன்னதி, தைத் தேரோட்டம் அவருக்கு. சமணமும் நாக வழிபாடும் வைணவமும் எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. கோடு போட முயல வேண்டாம், தூணைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். சமணத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சிதறால் மலை இருக்கிறது, அது இன்னொரு நாள் வேலை.

ஆவணி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பால் ஊற்ற வருகிற கூட்டத்தில் தூண் கண்ணுக்கே தெரியாது.

மலையோரம்

தோவாளைப் பூச்சந்தையை யாரும் சொல்லவில்லையே!

வடசேரிப்பட்டறை

அது நடக்கிற தூரம் இல்லை. ஆனால் வண்டியில் போய்விட்டு வரலாம். விடிவதற்கு முன் போக வேண்டும், ஏழு மணிக்கு மேல் போனால் வெறும் சாக்கும் வாழைநாரும்தான். பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கொழுந்து என்று குவியல். ஓணம் நெருங்கினால் கேரள வியாபாரிகள் வந்து நின்று விலை மணிக்கு மணி ஏறும். மாணிக்கமாலை கட்டுகிற வீடு தெரிந்தால் கட்டாயம் போங்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து நாரில் கட்டிக்கொண்டே போவார்கள். முடிந்ததும் மாலை உருண்டையாக இருக்காது, பாய் முடைந்த மாதிரித் தட்டையாகப் படிந்து கிடக்கும்.

நாஞ்சில்நடை

சரி, இப்படி மாற்றுகிறேன். ஐந்து மணிக்கு வேனில் தோவாளை. ஆறேகாலுக்குள் கிளம்பி ஒழுகினசேரி வழியாக வடசேரி, வண்டியை அனுப்பிவிடுவோம். கனகமூலம் சந்தை, சாயா, பட்டறைக்கு ஐந்து ஐந்து பேராக. எட்டு மணிக்கு நாகராஜா கோயில். அதன் பிறகு காலைச் சாப்பாடு, கணக்கு அக்கா சொன்ன எல்லா வசதியோடும் ஒரு ஓட்டலில். மணிமேடையை நின்று பார்க்காமல் தாண்டி ஹோம் சர்ச், அங்கிருந்து வடிவீஸ்வரம், பத்தரைக்குக் கோட்டாறு. கம்போளம், சவேரியார் கோயில், ஞானியார் தர்கா. முடிகிற இடத்திலிருந்து ரயில் நிலையம் பக்கம். மதுரைக்காரர்கள் அப்படியே வண்டி ஏறிவிடலாம்.

சுசீந்திரத்தை இதில் சேர்க்கவில்லை. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் போகட்டும். ஏழு நிலைக் கோபுரமும் இசைத்தூணும் அவசரத்தில் பார்க்கிறவை இல்லை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், போன தடவை ஒருத்தன் வாசலில் நின்று அரை மணி நேரம் வாக்குவாதம் பண்ணினான்.

குளச்சல்காற்று

ரயில் என்றதும் ஒன்று. 1979 வரைக்கும் நம் மாவட்டத்துக்கு ரயிலே கிடையாது என்று சொன்னால் சென்னைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். அதையும் நிலையத்தில் சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் அண்ணே, முதலில் நான் சொன்னது அப்படியே இருக்கட்டும், ஆனால் வேனில் இடம் இருந்தால் நானும் வரலாமா? பத்தொன்பது வருடமாக நாகர்கோவிலுக்குத் துணி எடுக்க மட்டும்தான் வந்திருக்கிறேன்.

நாஞ்சில்நடை

வாருங்கள் தம்பி. ஐந்து மணி என்றால் ஐந்து மணி. குளச்சலிலிருந்து முதல் பஸ் சரிப்படாது, பைக்கில் வந்துவிடுங்கள்.

கோட்டாறுமளிகை

கிழமை எது? ஞாயிறு எங்கள் கடை கிடையாது.

நாஞ்சில்நடை

சனிக்கிழமை.

கோட்டாறுமளிகை

அப்படியானால் சரி. வடசேரியில் மட்டிப்பழம் வாங்குகிறவர்களிடம் சொல்லிவையுங்கள், பையின் அடியில் போட்டுக்கொண்டு கோட்டாறு வரை நடந்தால் பழம் கூழாகிவிடும். ரயிலுக்கு வேண்டுமென்றால் பாதி காயாக ஒரு சீப்பு என் கடையில் எடுத்து வைக்கிறேன்.